திரையிலே தெரியும் குளமும் தரையிலே நிற்கும் குளமும்

(செட்டிகுளத்தில் கமக்காரரும் ஆசிரியரும் பல்கலைக்கழக மாணவரின் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு இங்கு முழுமையாகத் தரப்படுகின்றது.)



பொறியியல் மாணவர் கையாளும் கணினி மென்பொருளைப் பற்றிப் பேச ஒரு சட்டத்தரணி ஏன் மேடையேறினான் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழியாக, நான் தோற்ற வழக்கொன்றின் கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். வென்ற வழக்குகளைச் சொல்வதற்கு எங்கள் தொழிலில் ஆட்கள் நிறைய உண்டு; தோற்றதைச் சொல்வோர் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிக் கிராமமொன்றின் கமக்காரருக்காக நான் நீதிமன்றத்திலே தோன்றினேன். வீதிக்குக் குறுக்கே புதிதாகக் கட்டிய மதகு ஒடுக்கமானது. அதனால் மாரி வெள்ளம் வடியாது பின்வாங்கி வயல்களை மூடிற்று. கதிர் வரும் வேளையிற் பயிர் அழுகிற்று. ஆகவே நட்டஈடு வேண்டும். இதுவே எம் வழக்கு. எம் தரப்புக்கு இளம் பொறியியலாளர் ஒருவர் அறிக்கை எழுதித் தந்தார். கணினியிலே வெள்ளத்தை ஓடவிட்டு, நீலமும் பச்சையும் சிவப்புமாகப் படங்கள் எடுத்து, நாற்பது பக்கத்தில் அழகாகக் கட்டித் தந்தார். நான் அந்தப் படங்களைக் கண்டு மயங்கினேன். வழக்கு நம் கையில் என்று கமக்காரருக்கும் சொல்லிவிட்டேன்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். மூன்றே கேள்விகள் கேட்டார். ‘இந்த மழைக் கணக்கை எந்த மழைமானியிலிருந்து எடுத்தீர்?’ ‘மென்பொருளில் இருந்ததை எடுத்தேன்.’ ‘அந்த வயலின் தரைமட்டத்தை அளந்தீரா?’ ‘இல்லை, செய்மதிப் படத்திலிருந்து பெற்றேன்.’ ‘மதகினூடாக எவ்வளவு நீர் போகும் என்பதைக் கையாற் கணக்கிட்டுச் சரிபார்த்தீரா?’ இதற்கு அந்தப் பிள்ளை மறுமொழி சொல்லவில்லை. தலை குனிந்து நின்றான். வழக்கும் அவனோடு தலை குனிந்தது.

வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘தம்பி, வெள்ளம் எவ்வளவு வந்தது என்று மருதமரத்திலே அடையாளம் இருக்கிறது. அதை ஒருத்தரும் வந்து பார்க்கவில்லையே!’ பெருமக்களே, அந்தச் சொல் இன்னும் என் காதிலே நிற்கின்றது. அந்த மரத்தை அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. அவனைக் கூட்டிச் சென்று காட்டவேண்டிய நானும் பார்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள், எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று கற்பிக்கவில்லை. அன்றிலிருந்து இந்த விடயத்தைப் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கின்றேன்.

உருவகப்படுத்தும் மென்பொருள் என்பது யாது? பெரிய வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் வாய்க்கால் வெட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் பாய்வதைக் கமக்காரர் மேற்பார்க்கின்றார் அன்றோ? அதே வேலையைத்தான் கணினியும் செய்கின்றது. ஒரு பாலத்தையோ, குளக்கட்டையோ, விமானத்தின் சிறகையோ ஆயிரமாயிரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு துண்டும் தன் அயல் துண்டை எவ்வளவு தள்ளும், எவ்வளவு வளையும் என்று இயற்கை விதிகளைக் கொண்டு கணக்கிடுகின்றது. எல்லாவற்றையும் கூட்டி, முழுக்கட்டும் நிற்குமா, விழுமா என்று சொல்லுகின்றது. இதனை முடிவுறு மூலக முறை என்பர். 1956 ஆம் ஆண்டில் போயிங் விமானங்களுக்கான ஆய்விலே இதன் அடிப்படை வெளிவந்தது. 1960 இல் கிளவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு அப்பெயரை இட்டார். 1970 இல் ஜோன் சுவான்சன் என்ற பொறியியலாளர் தம் பண்ணைவீட்டில் இருந்துகொண்டு இத்தகைய மென்பொருள் ஒன்றை விற்கத் தொடங்கினார். இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே கற்பிக்கப்படும் அன்சிஸ் அதுவே. பண்ணைவீட்டிலே பிறந்தது என்பதைக் கமக்காரப் பெருமக்கள் கவனிக்கவேண்டும்!

இது அந்நியர் சரக்கு, நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று எவரும் எண்ணவேண்டாம். வடமராட்சியிற் பிறந்து, பேராதனையிலே பொறியியற் பேராசிரியராக விளங்கி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 1994 இல் மறைந்த பேராசிரியர் அழகையா துரைராசா அவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே களிமண்ணையும் மணலையும் அழுத்திப் பார்த்து ஆய்வு செய்தார். 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகிய இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, களிமண் பாரத்தின்கீழ் எவ்வாறு விட்டுக்கொடுக்கும் என்பதற்கு ஒரு கணித உருவத்தைத் தந்தது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஆற்றின் பெயரால் கேம் களிமண் மாதிரி என்று வழங்கும் அந்த உருவமும், அதிலிருந்து திருத்தி வளர்த்தவையும், இன்று மண்பொறியியல் மென்பொருள்கள் பலவற்றின் வயிற்றுக்குள்ளே இருக்கின்றன. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவன் தன் கணினியில் களிமண் என்ற சொல்லைத் தெரிந்தெடுக்கும்போது, நம்மவர் ஒருவரின் கைவண்ணத்தை அவன் தொடுகின்றான். ஆனால் நம் மாணவர் எத்தனை பேர் இதை அறிவர்? அந்தச் சமன்பாட்டைத் தாமே ஒருமுறை எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர்? துரைராசா அவர்கள் முதலிலே மண்ணைத் தொட்டார். பின்னரே சமன்பாட்டை எழுதினார். நம் பிள்ளைகளோ மண்ணையும் தொடாமல், சமன்பாட்டையும் எழுதாமல், படத்தை மாத்திரம் எடுக்கப் பழகுவார்களாயின் அது அவர் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகுமா?

கணினியை நம்பி விளக்கைக் கிணற்றில் இட்ட கதை ஒன்றும் உண்டு. நோர்வே நாட்டிலே, கடலுக்கடியில் எரிவாயு எடுப்பதற்காக சிலைப்னர் என்ற பெரிய மேடையொன்றைக் கட்டினார்கள். 1991 ஆகஸ்ட் 23 ஆந் திகதி, அதன் கொங்கிறீற்று அடித்தளத்தை நீரிலே தாழ்த்திச் சோதித்தபோது சுவர் வெடித்தது. முழுக்கட்டும் கடலின் அடியிற் போய்ச் சேர்ந்தது. நட்டம் ஏறத்தாழ 70 கோடி டொலர். ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது? கணினிக் கணிப்பிலே அந்தச் சுவரைப் பிரித்த துண்டுகள் போதிய நுண்மை உடையனவாக இருக்கவில்லை. அதனால் சுவரை அறுக்கும் விசை 47 வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கம்பியும் உரிய அளவிற்கு இடப்படவில்லை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட முறை பிழை. வசதி மிகுந்த நாடு, தேர்ந்த பொறியியலாளர், விலையுயர்ந்த மென்பொருள் எல்லாம் இருந்தும் இது நடந்தது. அந்த நாட்டுக்கு அது பணநட்டத்தோடு போயிற்று. நம் நாட்டிலே 1986 ஏப்பிரல் 20 ஆந் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. குளத்தின் கீழே குடியிருப்போருக்குக் கணக்குப் பிழை என்பது தாளிலே நிற்கும் காரியம் அன்று.

இனி, நான் அறிந்த சட்டத்துக்கு வருகின்றேன். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், கணினி தந்த கூற்றை நீதிமன்றம் சான்றாக ஏற்பதற்கு வழி செய்தது. ஆயினும் அது கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும்படி சொல்லவில்லை. கணினி ஒழுங்காக இயங்கியதா? அதற்குக் கொடுத்த தகவல் சரியானதா? வெளிவந்த கூற்று அந்தத் தகவலிலிருந்தே பெறப்பட்டதா? இவ்வாறு கேட்கின்றது. அன்று என் வழக்கைக் கவிழ்த்த கேள்விகள் இவற்றின் பிள்ளைகளே. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் சட்டம் கேட்கக் கற்றுக்கொண்டதை, பொறியியல் வகுப்பறை ஒவ்வொரு செய்முறைப் பாடத்திலும் கேட்கவேண்டும் என்பதே என் வாதம். பொறியியலாளர் உலகமும் இதனையே சொல்லுகின்றது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராயிற்று. பொறியியற் பட்டதாரி ஒருவர் நவீன கருவிகளைக் கையாள அறிந்திருக்கவேண்டும். அவற்றின் எல்லைகளையும் உணர்ந்திருக்கவேண்டும் என்று அவ்வுடன்படிக்கையின் வரைவு கூறுகின்றது. முற்பாதியை மாத்திரம் கற்பித்துப் பிற்பாதியை விட்டுவிட்டால் பட்டம் கிடைக்கும், பொறியியலாளர் கிடைக்கமாட்டார்.

நம் அயலிலே இருப்பது என்ன என்று பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றது. 2014 இலே அங்கு முதலணி மாணவர் புகுந்தனர். நீங்கள் வவுனியா நகருக்குப் போகும் வழியிலே, பம்பைமடுவில், முன்பு வளாகமாக இருந்து 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே தொழினுட்பவியல் பீடமும் உண்டு. போர் உழுத நிலத்திலே இவை எழுந்தது சிறிய காரியமா? இந்தச் செட்டிகுளத்து மண்ணிலே, மெனிக்பாம் முகாமின் முட்கம்பிக்குள்ளே இருந்துகொண்டு, 2009 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடத்திலும் புத்தகத்தை விடாத சமுதாயம் இது. அத்தகைய சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு அரைகுறைக் கல்வி கொடுத்தால் பொறுக்கலாமா?

பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று: ‘ஐயா, எந்த மென்பொருளைப் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும்?’ நான் மறைக்காமற் சொல்லுகின்றேன். மென்பொருள் தெரியாத பட்டதாரிக்கு இற்றைநாளில் வேலை கிடைப்பது அரிது. கட்டட நிறுவனம், நீர்வழங்கல், மின்சாரம், இயந்திர உற்பத்தி எதுவாயினும் விளம்பரத்திலே மென்பொருளின் பெயர் இருக்கின்றது. ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணிப்பு வேலை செய்யவும் இன்று வழி உண்டு. ஆகவே கற்கத்தான் வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பண்ணைவீட்டிலே பிறந்த அந்த அன்சிஸ் நிறுவனமே 2025 இல் சினொப்சிஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பெயர் மாறும், திரை மாறும், பொத்தான் இருக்கும் இடம் மாறும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்தக் காலத்திலே பொத்தானை அழுத்துவதற்கு ஆளே வேண்டாத நாளும் தொலைவில் இல்லை. மாறாமல் நிற்பது எது? நியூற்றனின் விதி மாறாது. நீர் பள்ளத்துக்குப் பாய்வது மாறாது. திரையில் வந்த விடை பொருந்துமா, பொருந்தாதா என்று ஐந்து நிமிடத்திலே கையாற் கணக்கிட்டுச் சொல்லும் ஆற்றலின் மதிப்பும் மாறாது. அந்த ஆற்றல் உள்ளவனுக்கே கையொப்பமிடும் பதவி கிடைக்கும். அது இல்லாதவன் கூலிக்குப் படம் வரைபவனாகவே நின்றுவிடுவான்.

மாணவருக்குச் சட்டத்தரணி என்ற முறையில் ஒரு சொல். களவுப் பிரதி வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களையும் காக்கின்றது. பூட்டை உடைத்து எடுத்த மென்பொருளிலே கணித்த குளக்கட்டின் அறிக்கையோடு நீங்கள் நீதிமன்றத்தில் நின்றால், உங்களைக் காப்பாற்ற என்னால் ஆகாது. வறுமையைக் காரணம் காட்டவும் வேண்டாம், வழி இருக்கின்றது. பெரிய நிறுவனங்கள் சில, மாணவர் பதிப்பை இலவசமாகவே தருகின்றன. அதிலே கணக்கின் அளவுக்கு எல்லை உண்டு, வருமானத் தொழிலுக்குப் பயன்படுத்தவும் கூடாது, கற்பதற்குப் போதும். ஆற்றுவெள்ளத்தைக் கணிக்க அமெரிக்க இராணுவப் பொறியியற் படையின் எச்.ஈ.சி. ராஸ், குழாய்நீரைக் கணிக்க அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஈபாநெற் ஆகியவை எவருக்கும் இலவசம். ஓப்பன்போம், சைலாப் என்பன திறந்த மென்பொருள்கள். மும்பாயிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகம் இத்தகைய திறந்த மென்பொருள்களைக் கற்பிக்கக் குரல்வழிப் பாடங்களைத் தயாரித்து, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் தருகின்றது. உயர்தரத்தைத் தமிழிலே படித்துவிட்டு, பீடத்திலே ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இவை ஊன்றுகோல் ஆகும். ஆங்கிலத்தை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. விளங்கிக்கொள்ளும் வாசலை அகலத் திறக்கும்படி கேட்கின்றேன்.

பல்கலைக்கழகத்தாரிடம் பணிவோடு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: மென்பொருட் பாடம் ஒவ்வொன்றிலும் கைக்கணக்கு முன்னே வரட்டும், கணினி பின்னே வரட்டும், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர் எழுத்திலே விளக்கட்டும். புள்ளிகளிற் பெரும்பங்கு அந்த விளக்கத்துக்கே கிடைக்கட்டும். வண்ணப் படத்துக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் ஒழியட்டும்.

இரண்டாவது: இறுதியாண்டு ஆய்வுக்கு எங்கோ உள்ள நாட்டின் பாலத்தை எடுப்பதற்குப் பதிலாக வன்னியின் குளங்களை எடுங்கள். 2018 டிசம்பரிலே இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபோது, எப்போது திறந்திருக்கவேண்டும், எவ்வளவு திறந்திருக்கவேண்டும் என்று நாடெங்கும் வாதம் எழுந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின் மழை கொட்டியபோதும் குளக்கட்டைப் பார்த்தபடி விழித்திருந்தோர் பலர். இந்த மழைக்கு இந்தக் குளம் எத்தனை மணிக்கு வான் பாயும், வான் பாய்ந்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்பவை உருவகப்படுத்தும் மென்பொருள் விடை தேடக்கூடிய கேள்விகளே. பாவற்குளத்தைப் பற்றியும் அருவியாற்றைப் பற்றியும் அத்தகைய ஆய்வுகள் எழுதப்படட்டும். எழுதியவை நூலக அலுமாரியிலே உறங்காமல், தமிழிலே ஒரு பக்கச் சுருக்கமாகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு வரட்டும்.

மூன்றாவது: பயிற்சிக் காலத்திலே மாணவரைக் குளிரூட்டிய அறைக்குள் மாத்திரம் இருத்திவிடாமல், மட்டக்கோலோடு வெயிலுக்கும் அனுப்புங்கள்.

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கும் கடமை உண்டு. கணினிக்கு வேண்டிய தகவலிற் பாதி உங்கள் நினைவிலே இருக்கின்றது. எந்த ஆண்டு எந்த மரத்தடிவரை வெள்ளம் வந்தது, துருசின் அடியிலே எங்கே நீர் கசிகின்றது, கட்டின் எந்த இடம் மாரியிலே இளகுகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். கணிப்பு சரியா, பிழையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. மாணவர் வந்து கேட்டால் நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்களே பீடத்துக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அது உங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழகம். உங்கள் வரிப்பணத்திலே நடப்பது. வெள்ளம் வந்த அளவை மரத்திலே மைபூசி, திகதியோடு குறித்து வையுங்கள். கமக்கார அமைப்பின் கொப்பியிலே நாளுக்கு நாள் மழையையும் குளத்தின் நீர்மட்டத்தையும் எழுதி வையுங்கள். நாளை ஒரு வழக்கு வந்தால் எனக்கும் அது ஆயுதம். ஒரு மாணவன் வந்தால் அவனுக்கும் அது பாடநூல்.

அரசியல்வாதிகளுக்கும் ஒன்று சொல்வேன். அவர்களுள் நானும் ஒருவன். கணினிக் கூடத்துக்கு நாடா வெட்டிவிட்டுப் புகைப்படம் எடுப்பது எளிது. உரிமப் பணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும், விரிவுரையாளர் வெற்றிடங்களை நிரப்பவும், மழைமானிகளை நாட்டவும் பணம் கேட்டுப் போராடுவது கடினம். அதற்குக் கைதட்டலும் கிடைக்காது. ஆயினும் அதுவே செய்யவேண்டிய வேலை. அதற்காக என்னிடம் நீங்கள் கணக்குக் கேட்கலாம்.

முடிவாக, அந்த இளம் பொறியியலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். வழக்கு முடிந்து சில மாதங்களின் பின்னர் அவர் என்னிடம் வந்தார். ‘ஐயா, அந்த மருதமரத்தைக் காட்டுங்கள்’ என்றார். இருவரும் போனோம். முதியவர் அடையாளத்தைக் காட்டினார். அந்தப் பிள்ளை சேற்றிலே இறங்கி மட்டம் எடுத்தார், கொப்பியிலே கணக்கிட்டார், பின்பு கணினியைத் திறந்து ஓடவிட்டார். திரையிலே தெரிந்த நீர்மட்டம் மரத்தின் அடையாளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. ‘இந்த ஒரு சாண் ஏன் என்று கண்டுபிடிக்கவேண்டும்’ என்றார் அவர். அன்றைக்கே நான் அவரைப் பொறியியலாளர் என்று மனதார ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஒரு சாணைத் தேடுகின்ற பிள்ளைகள் நம் பீடங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருவார்களாயின், நம் குளங்கள் நிற்கும். நம் வயல்கள் விளையும். அவர்களுக்கு வேலையும் தேடி வரும்.